நாற்பத்தொரு தடவை திறந்த மெனு

"மத்த முப்பத்தெட்டு ஊருக்கும் என் மெனுவை எப்ப குடுக்கப் போறிய, மேடம்?"

காலை பத்து மணிக்கு இசக்கிராஜ் இப்படிக் கேட்டான். கேள்வி மாதிரி இருந்தாலும் அது புகார்தான். ஏழு மாதமாக அவன் செய்த மெனு ஒரே ஒரு ஊரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

அது அவள் வழக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம். மொத்தம் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேருக்கும் மெஹருன்னிசாதான் குரு. அவளாக வைத்துக்கொண்ட பட்டம் இல்லை. அவர்களாகக் கொடுத்தது. கொடுத்த பிறகு அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவளுக்கு வயது முப்பத்தாறு. இசக்கிராஜுக்கு நாற்பத்து மூன்று. செல்போன் ரிப்பேர் கடையை மூடிவிட்டு, நாற்பது வயதில் புரோகிராம் எழுதப் படிக்க வந்தவன். அவன் அவளை மேடம் என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

அவளிடம் ஒரு கேள்வியோடு போனால் இரண்டு கேள்வியோடு திரும்பலாம் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். கேலிக்குள் பெருமையும் இருந்தது.

ஒருமுறை இசக்கிராஜ், "தப்பு எங்க இருக்குன்னே தெரியல, மேடம்" என்று போய் நின்றான். அவள் அவனுடைய மானிட்டரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து அவனே தப்பைக் கண்டுபிடித்தான். அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்றால் மானிட்டரை யார்தான் அணைக்க மாட்டார்கள்.

அவள் சொல்வதையெல்லாம் எழுதி வைக்க அவனிடம் ஒரு நோட்டு உண்டு. நீல அட்டை. தேதி போட்டு எழுதுவான்.

அன்று காலை அவனிடம் நோட்டு இல்லை. லேப்டாப் இருந்தது. அதைத் திறந்து அவள் மேஜையில் வைத்தான்.

"நீங்களே பாருங்க. வேலாங்கரை நர்ஸ் இன்னைக்குக் காலையில மட்டும் மெனுவை நாப்பத்தொரு தடவ திறந்திருக்கு. பதினோரு நிமிசத்துல. இதுவரைக்கும் ஒரு நாள்லகூட இத்தன தடவ திறந்ததில்ல."

திரையில் ஒரு வரைபடம். ஏழு மாதமாகத் தரையோடு போன பச்சைக் கோடு, அன்று காலை செங்குத்தாக எழுந்து நின்றது.

"ஒரு மெனு பிடிச்சுப் போச்சுன்னா இப்படித்தான் மேடம் பயன்படுத்துவாவ."

மெஹருன்னிசா கோட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நொடிக்கு நொடி பதிவான லாக்கைத் திறங்க" என்றாள்.

*

அந்த மென்பொருள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு அறக்கட்டளை முப்பத்தொன்பது கிராமங்களில் சின்னச் சின்ன மருத்துவ நிலையங்கள் நடத்துகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃப்ரிட்ஜ். நோயாளியின் பெயரைப் பதிவது, தடுப்பூசிக் கணக்கு, மருந்து இருப்பு, ஒரு நிலையத்தில் இல்லாத மருந்தைப் பக்கத்து நிலையத்தில் கேட்பது, எல்லாம் அந்த மென்பொருளில்தான்.

அதில் மொத்தம் இருபத்தாறு பக்கங்கள். பழைய மெனுவில் இருபத்தாறும் வரிசையாக நிற்கும். பார்க்க அழகில்லை. பல்பொருள் அங்காடியின் பில் மாதிரி நீளமாக இருக்கும்.

இசக்கிராஜுக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் மென்பொருள் எழுத அடிச்சட்டமாகப் பயன்படுத்தும் பிரேம்வொர்க்கில் மெனுவை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். பக்கங்களின் பட்டியல் ஒரு இடத்தில் இருக்கும். யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டலாம்.

அவன் ஒரு படி மேலே போனான். யார் எதை எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்று எண்ண வைத்தான். அன்றன்றைக்கு அதிகம் அழுத்துவது மேலே ஏறும். முப்பது நாள் தொடாதது "மேலும்" என்ற வரிக்குள் ஒளிந்துகொள்ளும். தொண்ணூறு நாள் தொடாதது அங்கிருந்தும் போய்விடும்.

போனவற்றை வைக்க ஒரு பட்டியல் செய்தான். அதற்கு "உதிர்ந்தவை" என்று பெயர் வைத்தான். அந்தப் பெயரில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

மார்ச் மாதம் அதை எல்லாருக்கும் காட்டினான். கை தட்டினார்கள். அங்காடி பில் ஐந்து வரியாகச் சுருங்கியிருந்தது. மெனுவுக்கே எல்லாம் தெரியும் என்பதால் தேடல் பெட்டியைக்கூட எடுத்துவிட்டதாகச் சொன்னான். அதற்கும் தட்டினார்கள்.

மெஹருன்னிசா மட்டும் கேட்டாள்.

"போனது திரும்பி வர வழி என்ன, அண்ணாச்சி?"

"யாராவது அழுத்துனா தானா மேல வந்துரும், மேடம்."

"இல்லாததை யார் அழுத்துவா?"

இசக்கிராஜ் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டான். அடிக்கோடு போட்டான்.

அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அதையே நினைத்துக்கொண்டு போனான். அடுத்த நாளும் நினைத்தான். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு பொருள் கிடைத்தது. இது மனுஷனுடைய ஆசையைப் பற்றிய கேள்வி என்று முடிவு செய்தான். தன் மனசில் இல்லாத ஒன்றை எவனும் தேடிப் போக மாட்டான். எவ்வளவு ஆழம் என்று வியந்தான். வீட்டிலும் சொன்னான். மனைவி, "அப்படியா" என்றாள்.

அவனுடைய குருவும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஊரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஊர்தான் வேலாங்கரை.

*

"லாக்கை நான் வாசிக்கேன்" என்றாள் மெஹருன்னிசா. "அந்த நர்ஸ் செஞ்சதை நீங்க அப்படியே செய்யுங்க."

"எதுக்கு மேடம்?"

"உக்காருங்க."

உட்கார்ந்தான். இதுவும் நோட்டில் எழுத வேண்டிய ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது.

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஏழு பன்னெண்டு, எட்டு செகண்ட். மெனுவைத் திறங்க."

திறந்தான். காலை அந்த நேரத்தில் இருந்தபடியே வேலாங்கரையின் மெனு வந்தது. வெளிநோயாளி பதிவு. தடுப்பூசி. மருந்து வழங்கல். மருந்து இருப்பு. மாத அறிக்கை. கீழே "மேலும்". அதற்குக் கீழே "வெளியேறு". எத்தனை தடவை பார்த்தாலும் அவனுக்கு அலுக்காத மெனு.

"பதினாலு செகண்ட். மூடுங்க."

மூடினான்.

"பதினாறு. திறங்க. இருபது. 'மேலும்' அழுத்துங்க. இருபத்தொம்பது. மூடுங்க."

"ஏன் இப்படி மூடி மூடித் திறக்குது?"

"முப்பத்தொண்ணு. திறங்க."

திறந்தான்.

"முப்பத்திமூணு. மூடுங்க."

"மவுஸ் கெட்டுப் போயிருக்கும், மேடம். ரெண்டு தடவ அழுத்துற மாதிரி ஆயிரும்."

அவள் பதில் சொல்லாமல் அடுத்த வரியை வாசித்தாள். திறந்தான். மூடினான். "மேலும்". மூடினான். திறந்தான். எட்டாவது தடவை அவன் சிரிப்பு போயிருந்தது. பதின்மூன்றாவது தடவை அவனுக்கு விரல் வலித்தது. மெனுவில் அதே ஐந்து வரி. ஒவ்வொரு முறையும் அதே ஐந்து.

"எதையோ தேடுது" என்றான்.

"ஏழு பதினாறு, நாப்பது" என்றாள் அவள். பிறகு நிறுத்தினாள்.

"சொல்லுங்க மேடம். திறக்கணுமா, மூடணுமா?"

"ரெண்டும் இல்ல. மேல அட்ரஸ் அடிக்கிற கட்டத்துல கையால டைப் அடிச்சிருக்கு."

"கையாலயா? என்ன அடிச்சிருக்கு?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

மென்பொருளின் முகவரிக்குக் கடைசியில் ஒரு சாய்கோடு. அதற்குப் பிறகு, ஆங்கில எழுத்தில், ஒரு தமிழ்ச் சொல். பாம்பு.

பக்கத்திலேயே சர்வரின் பதில். அப்படி ஒரு பக்கம் இல்லை.

அடுத்த வரி. பாம்புகடி. அப்படி ஒரு பக்கம் இல்லை.

அடுத்த வரி. பாம்புமருந்து. அப்படி ஒரு பக்கம் இல்லை.

இசக்கிராஜுக்கு வந்ததைப் பயம் என்று சொன்னால் போதாது. தனக்குத் தெரியாமல் தன் கை ஒரு காரியத்தைச் செய்துவிட்டதைப் பிறகு பார்க்கிறவனுக்கு வருகிற நடுக்கம் அது. மவுஸைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"போதும் மேடம்."

"இன்னும் இருக்கு."

"வாசிக்காதிய."

"வாசிச்சுத்தான் ஆவணும், அண்ணாச்சி."

அவள் குரலும் சரியாக இல்லை. ஆனாலும் வாசித்தாள். நர்ஸ் மென்பொருளை விட்டு வெளியேறியிருக்கிறாள். திரும்பக் கடவுச்சொல் அடித்து உள்ளே வந்திருக்கிறாள். மெனுவைத் திறந்திருக்கிறாள். மறுபடி வெளியேறியிருக்கிறாள். மறுபடி உள்ளே வந்தால் அந்த வரி திரும்பி வந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். ஒன்பது தடவை அப்படிச் செய்திருந்தாள்.

ஏழு இருபத்து மூன்றுக்குக் கடைசியாக மெனுவைத் திறந்திருந்தாள். நாற்பத்தொன்றாவது தடவை.

"அந்த நேரத்து மெனு எப்படி இருந்திச்சு, பாருங்க" என்றாள் மெஹருன்னிசா.

பார்த்தான். மெனு வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அந்தப் பதினோரு நிமிஷத்தில் அவள் எதை அதிகம் அழுத்தினாள் என்று எண்ணி, அதைத் தூக்கி முதல் வரியில் வைத்திருந்தது.

முதல் வரி: வெளியேறு.

*

"உதிர்ந்தவை" பட்டியலை அவனே திறந்தான். யாரும் சொல்லவில்லை.

மூன்றாவதாக இருந்தது. பாம்புக்கடி மருந்து, அவசரக் கோரிக்கை. கடைசியாகப் பயன்பட்டது சென்ற வருடம் டிசம்பர். மறைந்தது ஜூன்.

மழைக்காலத்தில்தான் பாம்புக்கடி அதிகம் வரும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை வேலாங்கரையில் சொட்டு மழை கிடையாது. தொண்ணூறு நாள் யாரும் தொடவில்லை. போய்விட்டது. முந்தா நாள்தான் இந்த வருஷத்து முதல் மழை.

அந்தப் பக்கத்தை எழுதியவள் மெஹருன்னிசா. அதில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் சுற்றியுள்ள நிலையங்களில் எல்லாம் மணி அடிக்கும். நர்ஸ் குளித்துக்கொண்டிருந்தாலும் கேட்கும். மருந்து யாரிடம் இருக்கிறதோ அவர்கள் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

"பக்கத்துல யாருட்ட மருந்து இருந்திச்சு?" என்று கேட்டாள்.

இருப்பைப் பார்த்தான். ஒன்பது கிலோமீட்டரில் இருக்கிற நிலையம். பதினான்கு குப்பி.

எண்ணை விரலால் தொட்டுக் காட்டினான்.

மெஹருன்னிசா போனை எடுத்து வேலாங்கரைக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். நிலையத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் அம்மா எடுத்தாள்.

"சிஸ்டர் இல்லியே. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கு. காலையிலயே போயாச்சு."

"என்ன ஆச்சும்மா?"

"வாழத்தோட்டத்துல எல அறுக்கப் போன பிள்ளைய பாம்பு கடிச்சிட்டு. மாடத்தின்னு. ரெண்டு மக்க உண்டும் அவளுக்கு. நல்ல பாம்புன்னு சொல்லுதாவ. இங்க ரெண்டு குப்பிதான் கெடந்துச்சு. அதப் போட்டுட்டு, எல ஏத்துற குட்டியானை வண்டியிலயே தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனாவ. சிஸ்டரும் பின்னால ஏறிக்கிட்டு."

"இப்ப எப்படி இருக்காவ?"

"மூச்சு விட முடியலன்னு மிஷின்ல வச்சிருக்காவளாம். ஒண்ணுஞ் சொல்ல முடியாதுன்னுட்டாவளாம்."

போன் வைக்கப்பட்டது.

பெரிய ஆஸ்பத்திரி வேலாங்கரையிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

இசக்கிராஜ் எழுந்தான். எங்கே போக என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். காலையில் வீட்டிலேயே அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டிருந்தான். வரும் வழியில் ஒன்பது பேருக்கும் சேர்த்துப் பால்கோவா வாங்கி வந்திருந்தான். அது மேஜையில் இருந்தது.

"நான் என்ன செய்யணும், மேடம்?"

அவள் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. அதுவே அவனுக்குப் புதிதாக இருந்தது.

"எண்ணுறதை நிறுத்துங்க. பழைய மெனுவைப் போடுங்க. இருபத்தாறு வரியும் நிக்கட்டும். அவசரக் கோரிக்கை முதல் வரி. அதை யாரும் அசைக்க முடியாதபடி பிரேம்வொர்க்லயே கட்டிப் போடுங்க. தேடல் பெட்டியையும் திரும்ப வையுங்க. இப்பவே."

அவன் வந்த நாளிலிருந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இல்லை.

அவன் வேலையைத் தொடங்கினான். ஏழு மாதம் ஓடிய மெனுவைக் கழற்ற நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் இருந்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

*

அன்று பகல் முழுக்க யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பால்கோவாவை யாரோ எடுத்து உள்ளே வைத்தார்கள்.

இசக்கிராஜ் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மெனுவைத் திறந்து பார்த்தான். பாம்புக்கடி மருந்து, அவசரக் கோரிக்கை. முதல் வரி. இருந்தது. மூடினான். மறுபடி திறந்தான். இருந்தது.

மெஹருன்னிசா தன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மதியத் தொழுகைக்குப் போனவள் வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

மூன்றரைக்குப் போன் வந்தது. வேலாங்கரை நர்ஸ் ஜெனோவா. இசக்கிராஜின் நம்பருக்குத்தான் அடித்திருந்தாள். மெனுவை நிறுவப் போனபோது கொடுத்துவிட்டு வந்த நம்பர்.

எடுக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், காலையில நீங்க போன் போட்டியளாம். அந்தம்மா சொன்னாவ."

"மாடத்தி எப்படி இருக்காவ, சிஸ்டர்?"

"பொழச்சுக்கிட்டா சார். இப்பத்தான் மிஷினை எடுத்தாவ. தானா மூச்சு விடுதா. கண்ணைத் தொறந்ததும் மொதல்ல என்ன கேட்டா தெரியுமா? அறுத்துப் போட்ட எல வாடிப் போயிருக்குமேன்னு கேட்டா."

இசக்கிராஜ் மேஜையில் தலையைச் சாய்த்தான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

மெஹருன்னிசா கண்ணை மூடி உதட்டுக்குள் எதையோ சொன்னாள்.

"இன்னும் அரை மணி நேரம் தாமதிச்சிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு, சார். காலையில நான் வேற பதினோரு நிமிசத்த வீணாக்கிட்டேன்."

இசக்கிராஜ் தலையைத் தூக்கினான்.

"அதுக்குத்தான் சார் போன் போட்டேன். நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. மெனு எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்கிய. பாம்புக்கடிக்குன்னு ஒரு பக்கம் உண்டும்லா, டிசம்பர்ல நானே அழுத்தியிருக்கேன். இன்னைக்கு அவசரத்துல என் கண்ணுக்குப் படவே இல்ல. பதட்டத்துல எனக்குத்தான் பாக்கத் தெரியல. பக்கத்து ஊரு சிஸ்டருக்கு அடிச்சேன், எடுக்கல. உங்களுக்கு அடிச்சுக் கேக்கலாம்னு நம்பரைக்கூட எடுத்தேன். இதுகூடத் தெரியாதான்னு நெனச்சிருவியளோன்னு வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சுக்கிடுங்க சார்."



கீழே ஜவுளிக்கடையில் யாரோ துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

இசக்கிராஜ் மேஜை டிராயரைத் திறந்து நீல அட்டை நோட்டை எடுத்தான். மார்ச் மாதப் பக்கத்தைப் புரட்டினான். அடிக்கோடு போட்ட வரி. இல்லாததை யார் அழுத்துவா.

அதை மெஹருன்னிசா பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"மேடம், இதுக்கு அர்த்தம் இன்னைக்கு நடந்ததுதானா?"

அவள் அந்த வரியைப் பார்த்தாள்.

"ஆமா."

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வரியில சொல்லியிருக்கலாமே."

"நீங்களாக் கண்டுபிடிச்சா உங்களுக்கு நல்லதுன்னு..."

அவள் முடிக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லி வந்த வாக்கியம் அது. பாதியில் நின்றுவிட்டது.

இசக்கிராஜுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எனக்குப் புரியல, மேடம். ஆசையப் பத்தி ஏதோ பெருசா சொல்லுதியன்னு நெனச்சேன். என் புத்திக்குத்தான் எட்டலன்னு நெனச்சேன். திரும்பக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

போனில் சத்தம் வந்தது.

"ஹலோ, சார்? லைன்ல இருக்கியளா? என் மேல கோவமா சார்?"

மெஹருன்னிசா கை நீட்டிப் போனை எடுத்தாள். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சிஸ்டர், நான் மெஹருன்னிசா பேசுதேன். இசக்கி அண்ணாச்சிக்கு மேல இருக்கிறவ. உங்க கண்ணுல ஒரு குத்தமும் இல்ல. அந்த வரி அங்க இல்லவே இல்ல. நாலு மாசமா இல்ல. இப்படி ஆகும்னு எனக்கு மார்ச் மாசமே தெரியும்."

போனில், பின்னணியில் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் ஒன்று உருண்டு போனது.

பிறகு ஜெனோவா கேட்டாள்.

"தெரியுமா?"